சொல்தா வீட்டில் மக்ரோனி

எழும்பூரில் இரவு வண்டி ஏறும்போதே எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. போகிற ஊர் பாகூர். போகிற காரியம் சாட்சி சொல்வது. கோர்ட்டுச் சாட்சி என்றாலும் தைரியமாகப் போகலாம். இது கல்யாணச் சாட்சி. "பையன் யோக்கியன், குடிக்க மாட்டான், கண்டதைத் தின்ன மாட்டான்" என்று பெண் வீட்டாரிடம் நான் சொல்ல வேண்டுமாம்.

பையன் என்று சொன்னேனே தவிர, சவரிமுத்துவுக்கு முப்பத்தாறு வயது. பாகூர்க் கிறிஸ்தவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பிரான்சில் மார்சேயிலும் துலோனிலும் எட்டு வருஷம் சமையல்கட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவன். திரும்பிய புதிதில் வேலை தேடிச் சென்னைக்கு வந்தான். ஜார்ஜ் டவுனில் என்னோடு ஒரே அறையில் சில மாதம் தங்கினான். நானோ அச்சாபீசில் மெய்ப்புத் திருத்துகிறவன். நெற்றியில் விபூதி, வயிற்றில் சைவம். இருந்த நாள் முழுவதும் எனக்காக அவன் ஒரு முட்டையைக்கூட அந்த அறைக்குள் கொண்டுவந்ததில்லை. அப்படிப்பட்டவனுக்காக ஓர் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் என்ன என்றுதான் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் பிடித்திருந்தால் அங்கே சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். பிடிக்கவில்லை என்றால் செம்புத் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். சவரிமுத்து வீட்டுக்கு இதுவரை மூன்று குடும்பம் வந்து, மூன்றும் கை நனைக்காமல் போய்விட்டது. பட்டாளத்தில் என்ன தின்றானோ, என்ன குடித்தானோ என்ற பயம். இனி ஓர் இடம் தட்டிப்போனால் பெண் பார்க்கும் பேச்சையே விட்டுவிடப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

விழுப்புரத்தில் விடியற்காலை இறங்கிப் புதுச்சேரி வண்டிக்கு மாறினேன். ஸ்டேஷனில் ஓரணாவுக்கு நாலு இட்டலி. சட்னியில் தேங்காய் இருந்ததாக விற்றவர் மட்டும் சொன்னார். வளவனூர், சின்னபாபுசமுத்திரம் தாண்டி வில்லியனூரில் இறங்கியபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது. சிவப்புத் தொப்பிப் பிரெஞ்சுப் போலீஸ்காரர் ஒருவர் என் பையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கொட்டாவி விட்டார்.

பாகூருக்கு முக்கால் ரூபாய் பேசி ஒரு மாட்டு வண்டி பிடித்தேன். பதினாறு கிலோமீட்டர் என்றார் வண்டிக்காரர் கன்னியப்பன். அது பத்து மைல் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்ததில் தூரம் ஒன்றும் குறையவில்லை. மங்கலம், கரிக்கலாம்பாக்கம் என்று வழி போகிறது. இருபுறமும் கரும்பு, அப்புறம் நெல், அப்புறம் மறுபடியும் கரும்பு. பிரெஞ்சுக்காரன் சீமைக்கு நடுநடுவே இங்கிலீஷ்காரன் ஊர் ஒன்று வரும், வந்த சுருக்கில் போய்விடும். நிலத்தைப் பார்த்து எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"பாகூர்ல யாரு வூட்டுக்கு?" என்றார் கன்னியப்பன்.

சவரிமுத்து என்றேன்.

"சொல்தா வூடா? இன்னிக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வராங்களாமே. வில்லியனூர் ஞானப்பிரகாசம். அவரு லேசுப்பட்ட ஆளு இல்லபா. வேணும்னே வெள்ளிக்கெழமயாப் பாத்து வராரு."

பட்டாளத்துக்காரனுக்கு இங்கே சொல்தா என்று பெயர். வெள்ளிக்கிழமை சங்கதியையும் அவரே விளக்கினார். அது மாசிக் கடைசி. கிறிஸ்தவர்களுக்குத் தபசு காலம். வெள்ளிதோறும் சுத்தபோசனம், இறைச்சி கூடாது. எட்டு வருஷம் வெள்ளைக்காரனோடு தின்றவன் அந்த நாளில் இலையில் என்ன வைக்கிறான் என்று பார்க்கத்தான் ஞானப்பிரகாசம் வருகிறார்.

நண்பகலுக்கு முன்பே பாகூர் ஏரிக்கரை தெரிந்தது. கரையை ஒட்டிய ஓட்டு வீட்டு வாசலில் சவரிமுத்து முண்டாசும் புகை படிந்த முகமுமாக நின்றிருந்தான். என்னைக் கண்டதும் கரண்டியோடு ஓடிவந்து கட்டிக்கொண்டான். என் சட்டையில் அந்தக் கரிக்கறை இன்னும் இருக்கிறது. வெளுக்கப் போட எனக்கு மனம் வரவில்லை.

"பிள்ளைவாள், நானே சமைக்கிறேன். மக்ரோனி!" என்றான்.

நல்ல நாளும் அதுவுமாகச் சோறும் சாம்பாரும் வைத்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டேன்.

"சோறு எல்லாரும்தான் போடுவாங்க. எட்டு வருசம் அங்க இன்னா பண்ணேன்னு கேக்கறாங்க இல்ல? இதான் பண்ணேன். கறி இல்ல, மீன் இல்ல. அந்த ஊருல வெள்ளிக்கெழமன்னா ஏழைபாழை இதான் துன்னுது. வந்து பாத்துக்கட்டும்."

சமையல்கட்டில் அவன் அக்கா ஆரோக்கியமேரி முறத்தில் மக்ரோனியைக் கொட்டி வைத்துக்கொண்டு கல் பொறுக்கினார். புருஷனை இழந்தபின் தம்பிக்காகவே அந்த வீட்டை நடத்துகிறவர். விரல் நீள வெள்ளைக் குழல்கள். அவற்றில் ஏது கல்? அரிசி களைவது போலக் களைய அவர் தண்ணீரையும் எடுத்துவிட்டார். சவரிமுத்து பாய்ந்து முறத்தைப் பிடுங்கினான்.

அங்கே உட்கார்ந்து அந்தச் சமையலை நான் முழுக்கப் பார்த்தேன். வாசகர்கள் பயப்பட வேண்டாம், ரசம் வைப்பதைவிடச் சுலபம். பெரிய தவலையில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் கல்லுப்புப் போட்டுக் குழல்களை இறக்குகிறான். பக்கத்து அடுப்பில் இரும்புச் சட்டி. புதுச்சேரி பிரெஞ்சுக் கடையில் வாங்கிய ஒலிவ எண்ணெயை ஊற்றி, நசுக்கிய பூண்டைப் போட்டு, அது சிவக்குமுன் சின்ன வெங்காயம், அப்புறம் நறுக்கிய சீமைத் தக்காளி. தணலில் சுட்ட கத்தரிக்காயைத் தோல் உரித்துப் பிசைந்து அதிலே சேர்க்கிறான். மிளகாய் ஒன்றே ஒன்று, பேருக்கு. கடைசியில் கொல்லையில் பறித்த திருநீற்றுப் பச்சிலையைக் கையால் கிள்ளிப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தான். அந்த ஊரில் மேலே பால்கட்டியைத் துருவிப் போடுவார்களாம். அதன் வாடைக்கு அக்காவே வீட்டை விட்டு ஓடிவிடுவார் என்று, வறுத்த மல்லாட்டையை இடித்து வைத்திருந்தான். நம் பக்கத்தில் வேர்க்கடலை என்போமே, அதுதான் மல்லாட்டை. கொல்லையில் கோழிக்குப் பயந்து பிழைக்கிற அந்தப் பச்சிலைக்கு இப்படி ஒரு மணம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

குழல் வேகிற பதத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை வந்தது.

"பல்லுல கொஞ்சம் தடுக்கணும்க்கா. அதான் பதம்."

"வேவாத சோத்தப் போட்டு சம்பந்தம் பேசறவனை இப்பதான்டா பாக்கறேன்!"

கடைசியில் அவன் பதத்துக்கு இறக்கி, அவர் முறைப்படி தட்டால் மூடிச் சாய்த்துக் கஞ்சி வடித்தார்கள். அந்தக் கஞ்சியை அக்கா பசுவுக்கு எடுத்துவைத்துவிட்டார்.

வெயில் தாழ்ந்த வேளைக்கு வில்வண்டி வந்தது. இறங்கியவர்கள் இரண்டு பேர். ஞானப்பிரகாசம் நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். நாலு காணி கரும்பு வைத்திருக்கிறவர். கூடவே அவர் தங்கை சலேத்தம்மாள். பெண்ணுக்குத் தாயில்லை, வளர்த்தவர் இந்த அத்தைதான். தோத்திரம் சொல்லி, பாயில் உட்கார்ந்து, மழை, கரும்பு, ஏரித் தண்ணீர் எல்லாம் பேசினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் சாட்சியைத் தொண்டைவரை கொண்டுவந்து வைத்திருந்தேன்.

அதற்குள் சலேத்தம்மாள் சமையல்கட்டை எட்டிப் பார்க்கப் போனார். போன சுருக்கில் எண்ணெய்ச் சீசாவைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, ஏந்திரு. இந்த வூட்ல கை நனைக்கக் கூடாது."

"இன்னா சலேத்து?"

"சாவப்போறவங்களுக்கு சாமியாரு கொண்டாந்து பூசற எண்ணெண்ணே இது! ஒலிவ எண்ணெ! இதுல தாளிச்சு வெச்சிருக்காங்க. கல்யாணம் பேச வந்த எடத்துல அவஸ்தைப் பூசுதலா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அக்கா என் காதில் சொன்னார். கிறிஸ்தவர்களில் ஒருவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தால், குருவானவர் வந்து மந்திரித்த ஒலிவ எண்ணெயைக் கண், காது, மூக்கு, உதடு, கை, கால் என்று பூசுவார். அதுதான் அவஸ்தைப் பூசுதல். இந்த ஊர்களில் ஒலிவ எண்ணெயை வேறு எதற்கும் யாரும் கண்டதில்லை. அக்காவுக்கு அந்த வாசனை தெரியாமலா இருக்கும்? தம்பி மனம் நோகும் என்று காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

சவரிமுத்து பதறிப்போய், "அத்தை, அந்த ஊருல தெனமும் இதான் துன்றாங்க" என்றான்.

"அந்த ஊருல தின்னா தின்னட்டும்!"

நான் சும்மா இருந்திருக்கலாம். மந்திரித்தால்தானே அது பூசுகிற எண்ணெய், கடைச் சீசாவில் இருப்பது வெறும் எண்ணெய்தானே என்று என் நியாயத்தை எடுத்துவிட்டேன்.

சலேத்தம்மாள் என் விபூதியை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வேதக்காரரா?"

கிறிஸ்தவனா என்று கேட்கிறார்; என் நெற்றியே பதில் சொல்லிவிட்டது. சவரிமுத்து சுவரோடு சாய்ந்துவிட்டான். நான்காவது குடும்பமும் எழுந்துவிட்டது என்றே நினைத்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரை ஓட்டை எண்ணத் தொடங்கினேன்.

சலேத்தம்மாள் இப்போது அழுதுகொண்டிருந்தார். "வாந்திபேதி வந்த வருசம் எங்க அண்ணிக்கு இதே எண்ணெதான் பூசினாங்க. விடியறதுக்குள்ள போய்ட்டாங்க. பொண்ணு அப்ப கைக்கொழந்த. அந்த வாசன எனக்கு மறக்குமா?"

ஞானப்பிரகாசம் எழுந்து தங்கையின் கையிலிருந்து சீசாவை வாங்கி முகர்ந்தார்.

"அன்னிக்கு அவளுக்கு மட்டுமா பூசினாங்க, சலேத்து? அடுத்த பாயில நான் கெடந்தேன். எனக்கும்தான் பூசினாங்க. ஒதட்டுல வெச்சப்போ நாக்கால தொட்டுப் பாத்தேன். அப்பதான் பசின்னு ஒண்ணு இன்னும் இருக்குன்னு தெரிஞ்சுது. அவ போய்ட்டா, நான் இருக்கேன். எண்ணெ இன்னா பண்ணும்?"

அவர் வாசலுக்குப் போய்ச் செம்பை எடுத்துக் கை கழுவினார். திரும்பி வந்து, சிலுவை போட்டு, இலைமுன் உட்கார்ந்தார்.

"வையி தம்பி. வவுத்துக்குள்ள எப்படி இருக்குன்னு பாப்போம்."

சவரிமுத்து அவசரமாக வைத்த முதல் கரண்டி பாதி பாயில் விழுந்தது. ஞானப்பிரகாசம் குழல்களைச் சோறுபோலப் பிசையப் பார்த்தார். அவை பிசைய வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நானும் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பூண்டும் சுட்ட கத்தரிக்காயும் பச்சிலையும் புளிப்பும் சேர்ந்து அது நம் ஊர் ருசியாகவும் இருந்தது, எங்கோ கடல் தாண்டிய ருசியாகவும் இருந்தது. மல்லாட்டைப் பொடியை மட்டும் மூன்று முறை வாங்கினேன் என்று அக்கா பிறகு கேலி செய்தார். என் சாட்சியை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் சலேத்தம்மாள் உட்காரவில்லை. "நீ துன்னுட்ட, சரி. நான் வளத்த பொண்ணு அது. அவ வாயில வெச்சுப் பாக்காம நான் சரின்னு சொல்லமாட்டேன். கொஞ்சம் பொட்டலம் கட்டிக் குடு" என்று அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இரவு அவர்கள் பாகூரிலேயே உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். சவரிமுத்து அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலை வில்லியனூர்வரை அவர்கள் வண்டியிலேயே எனக்கும் இடம் கொடுத்தார்கள். சவரிமுத்து ஏரிக்கரை முடியும்வரை வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தான். என்னிடம் பேசினானே தவிர, கண் முழுக்க அத்தை மடியில் இருந்த வாழை இலைப் பொட்டலத்தின்மேல் இருந்தது. மனிதனுக்கு இப்படி ஒரு சோதனையா என்று எனக்கு அவன்மேல் பாசம் பொங்கியது.

வில்லியனூரில் ரயிலுக்கு நேரம் இருந்தது. மோர் குடித்துவிட்டுப் போகலாம் என்று ஞானப்பிரகாசம் வீட்டுக்கு அழைத்துப் போனார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பெண் கை துடைத்தபடி வந்தாள். பிலோமினா. அப்பாவின் உயரம், அத்தையின் கண்.

சலேத்தம்மாள் எதையும் மறைக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துவைத்து, "அந்த ஆளு கையால செஞ்சது. ஒலிவ எண்ணெயில தாளிச்சது. உங்கம்மாவுக்கு கடைசியாப் பூசினாங்களே, அதே எண்ணெ. தெரிஞ்சுகிட்டு சாப்புடு, இல்லாட்டி மாட்டுக்குப் போடு" என்றார்.

ராத்திரி முழுக்க இலையில் கிடந்து குழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. பிலோமினா அதை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். அம்மாவைப் பற்றி அவளுக்கு நினைவிருக்க வழியில்லை; அந்த வாசனையில் அவள் எதைத் தேடினாளோ. நான் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் பழையது சாப்பிடுவதுபோல நின்றபடியே சாப்பிட்டாள். ஒரு குழல்கூட மிச்சம் வைக்கவில்லை. இலையை மடித்தாள்.

"உப்பு கம்மியா இருக்குத்தை" என்றாள். "பரவால்ல. நான் போயி போட்டுக்கறேன்."