இறக்கை நுனித் தகடு

தகரத் துண்டொன்றின் நுனியைக் குறட்டால் பிடித்து மேலே வளைக்கிறார் சாலிஹ். வளைத்ததை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "இப்ப சொல்லுங்க சேர். பிளேனுட செட்டையில இப்பிடி வெச்சா பெற்றோல் மிச்சப்படுமா, படாதா?"

கல்முனையில் இந்தக் கேள்விக்குத் தப்பிய படித்தவர்கள் குறைவு. வங்கி முகாமையாளர் சிரித்து மழுப்பினார். விஞ்ஞான ஆசிரியர் அடுத்த கிழமை சொல்வதாகச் சொன்னவர், அன்றிலிருந்து சைக்கிளை வேறு தெருவால் விடுகிறார். "அல்லாஹ் அறிவான்" என்றார் மௌலவி. "அது எனக்கும் தெரியும் ஹஸரத், எனக்கு மனிசன் ஒருத்தன் சொல்லணும்" என்றாராம் இவர்.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துவது சாலிஹின் தொழில். இயந்திரத்தோடு கதைத்துக்கொண்டே வேலை செய்வார். "என்ன மகள், இண்டைக்கு மூக்கடைப்பா?" என்று கேட்டபடி குழாயைக் கழற்றுவார். வேலை முடிந்ததும் தாங்கியில் எண்ணெய் விளிம்பால் வழியும்வரை ஊற்றுவார். வீண் செலவென்று வயற்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்தப் பக்கத்து வழக்கப்படி தங்கைக்கு வீடு கட்டிக் கொடுப்பது அண்ணனான காக்காவின் கடமை. சாலிஹ் அதற்காகத்தான் சவூதிக்குப் போனார். அங்கே ஒரு பணக்காரரின் சின்ன விமானத்தைத் துடைத்துப் பெற்றோல் நிரப்பும் வேலை கிடைத்தது. தங்கை சபூறாவின் வீடு பாதியில் நின்றபோது, அவள் கணவன் பக்கீரையும் அழைத்துக்கொண்டார். இரண்டு பேர் உழைத்தால் கூரை சீக்கிரம் ஏறும் என்பது கணக்கு.

ஒருநாள் விமானத்தின் இறக்கை நுனிகளில் நிமிர்ந்த தகடுகளைப் பூட்டினார்கள். எரிபொருளில் பத்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்றான் விற்க வந்தவன். சாலிஹ் நம்பிவிட்டார். பீப்பாயில் பெற்றோல் குறைவாக இருந்த ஒரு காலையில், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து ஊற்றினார்.

"பயிலட் கேட்டான், பெற்றோல் காணுமா, போதுமா எண்டு. நான்தான் காணும் எண்ட. மச்சான் சாமான் இறக்கப் போறதுக்கு ஏறினான்."

ஓடுபாதைக்குச் சற்று முன்னே எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. விமானியும் பக்கீரும் மௌத்து. எதிர்க்காற்றுத்தான் காரணம் என்று விசாரித்தவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். பக்கீரை அங்கேயே அடக்கினார்கள். சபூறாவுக்கு அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை.

தகடு சொன்னபடி வேலை செய்திருந்தால் பழி காற்றின்மேல் போகும். செய்யவில்லையென்றால், மச்சானைக் கொன்றது தன் கைதான் என்பது சாலிஹின் கணக்கு. திரும்பி வந்து வீட்டை அவரே கட்டி முடித்தார். ஆனால் கதவு பொருத்திய நாளிலிருந்து அதற்குள் கால் வைத்ததில்லை. பின்னேரங்களில் வந்து வாசற்படியில், வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வேலை செய்யும் என் நண்பனிடம் விசாரித்தேன். தெரிந்ததைச் சொல்வதா, பொய் சொல்வதா என்று வழியெல்லாம் எனக்குள் இழுபறி. அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு பொய் வாயில் வரவில்லை.

"உயரத்தில, நெடுந்தூரம் பறந்தா மிச்சப்படுமாம். பதிவா, தாழக் கிட்டத்துக்குப் பறக்கிற சின்ன விமானத்துக்குப் பெரிசா ஒண்டுமில்லையாம். தகட்டுட பாரமும், அது காத்தில இழுபடுறதும் அந்த மிச்சத்தைத் திண்டுபோடுமாம்."

சாலிஹ் தலையாட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க சேர்."

"சாலிஹ்..."

"கொஞ்சம் உரத்துச் சொல்லுங்க. உள்ள சபூறா இரிக்கா. அவக்கும் கேக்கணும்."

சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. உள்ளே அம்மி அரைக்கும் சத்தம் நின்றது.

எங்களுக்குப் பின்னால் வாசல் திரைச்சீலை அசைந்தது. அந்நிய ஆண் நான் இருந்ததால் சபூறா வெளியே வரவில்லை. வளையல் இல்லாத ஒரு கை மட்டும், மஞ்சள் அரைத்த ஈரத்தோடு, சீலைக்கு வெளியே வந்து காக்காவின் தலையைத் தேடித் தொட்டு, அங்கேயே இருந்தது.