பதினேழாம் நம்பர் கட்டையும் சூசை அத்தானும்

வியாழக்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது தாமுவேயிலிருந்து டோ கின் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். டோ கின் என் அக்கா லூர்துவின் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி. என்றும் கலகலவென்று பேசிக்கொண்டே உள்ளே வருபவர், அன்று படியேறாமல் நின்றதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"சயா போயிட்டார். காப்பி குடிச்சார், டம்ளரைக் கீழ வெச்சார், சுவத்துல சாஞ்சார். அவ்வளவுதான்" என்று பர்மியத்தில் சொன்னார். சயா என்றது லூர்துவின் கணவரை, என் அத்தானை.

"மூச்சு இழுத்ததா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்ல. லூர்துவே தூங்குறார்னுதான் நெனச்சிருக்கா."

ஈரக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டேன். அழுகை பின்னால் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. இரண்டு வருடமாக ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்த மனிதர் அவர். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலரான சூசையப்பர், தம் பெயர் தாங்கியவரைக் கைவிடவில்லை.

என் அக்கா கணவர் சூசை அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேட்டைத் துப்பாக்கிகளுக்கு மரக்கட்டை செய்வது அவர் தொழில். இரும்பும் குழலும் எங்கிருந்தோ வரும். தோளில் பதிந்து கன்னத்தைத் தாங்கும் மரப்பகுதியை, வாங்குகிறவரின் கை நீளம், கழுத்து, கன்னம் எல்லாம் பார்த்து அத்தான் இழைத்துக் கொடுப்பார். பர்மியர்கள் மரியாதையாக "சயா", அதாவது ஆசான், என்று அழைத்தார்கள். ரங்கூனில் இழைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஆனால் மரம் பொறுக்குவதில் அவருக்கு இணை இல்லை என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதை நான் முதலில் பார்த்தது, ஷான் மலையிலிருந்து அக்ரூட் பலகைகள் எங்கள் தின்கன்ஜூன் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கிய அன்று. அவர் பட்டறை பள்ளத்தில் இருந்தது, ஈரம் ஏறும். எங்கள் வீட்டு மச்சில் காற்று ஓடும் என்பதால் அங்கே அடுக்கிக் காயவைக்க என் கணவரிடம் கேட்டிருந்தார். ஒவ்வொரு பலகையிலும் கையால் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். உடனே வரிகள் எழுந்தன. ஒரு பலகையில், விரித்துப்போட்ட கூந்தல்போல அலை அலையாக ஓடியது. "இதுதான் அத்தான் அழகு" என்றேன்.

"அழகு பின்பக்கம் இருக்கட்டும் ஞானம். கை பிடிக்கிற இடம் இருக்கே, ஒடுக்கமா, அங்க நார் நேரா ஓடணும். வெடிக்கும்போது உதை அங்கதான் விழும். இங்க பாரு, உன் அலை அந்த இடத்துலயே குறுக்க வந்து நிக்குது. முறிஞ்சிரும்." அந்தப் பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இவ்வளவு நேரம் பார்க்கலையே" என்றாள் அக்கா.

"பார்த்தேன். நார் நேராத்தான் இருந்துச்சு. முன்கோபந்தான் வெளிய தெரியல."

பன்னிரண்டு பலகைகளில் ஐந்தைத் தேறவைத்தார். முன்பே வைத்திருந்த கட்டைகளோடு சேர்த்து அவற்றுக்கு நம்பர் போடும் வேலையும், காய்வதைக் கவனிக்கும் வேலையும் எனக்கு வந்தன. நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஜெபப் புத்தகத்தையும் மளிகை மடித்து வந்த காகிதங்களையும் வைத்து எழுத்துக் கூட்டினவள். ஆனால் எதையும் நோட்டில் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அது அத்தானுக்குத் தெரியும். முனைகள் வெடிக்காமல் இருக்க மெழுகு பூசவேண்டும். சுவாமியாரிடம் கேட்டுக் கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து உருக்கிப் பூசினேன். மாதத்தின் முதல் வெள்ளி, பூசை முடிந்து வந்ததும் ஒவ்வொரு கட்டையையும் தராசில் தொங்கவிட்டு நிறுத்து எழுதுவேன். ஈரம் போகப்போக எடை இறங்கும். "ரெண்டரை வீசைக்கு வந்ததும் ஆள் அனுப்பு" என்பது அத்தான் உத்தரவு.

பதினேழாம் நம்பர் ஒரு கோடையில் இரண்டரைக்கும் கீழே இறங்கியது. மற்றவையும் நன்றாகவே இறங்கியிருந்தன. வெயிலுக்கு நன்றி சொல்லிவிட்டு ஆள் அனுப்பினேன். அத்தான் வந்து தூக்கிப்போனார். மாவ்பியில் தோட்டம் வைத்திருந்த ஊ தெயின், காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் தம் துப்பாக்கிக்கு ஒரு கட்டை கேட்டிருந்தார். இரண்டு மாதத்தில் அவர் துப்பாக்கி கட்டையோடு மாவ்பிக்குப் போய்விட்டது.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் தெரு மளிகைக்கடை பாத்துமா பீவி இரண்டு எடைக்கற்களை என் முன்னால் தொப்பென்று வைத்தார்.

"யம்மா ஞானம், இது யார் கல்லு? கோடையில உன்கிட்ட ரெண்டு வீசைக்கல்லு எரவல் வாங்கினேனே, திருப்பித் தர்றப்ப என் கல்லைக் குடுத்துட்டேன் போல. எடை குறையுது, எடை குறையுதுன்னு கடை வாசல்ல ஒரே சத்தம். எங்க வாப்பா காலத்துல இருந்து இப்படி ஒரு பேச்சு நாங்க கேட்டதில்ல."

என் கற்கள் இந்தியாவில் எங்கள் ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்தவை. ஊர் வீசை. பீவி கடையில் இருப்பது பர்மா வீசை, அதைவிடக் கனம். இரண்டையும் நாங்கள் வீசை என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒரே கறுப்பு. கனமான கல்லை எதிர்த்தட்டில் வைத்தால் கட்டை லேசாகத்தான் தெரியும். பதினேழு காயவில்லை. நான்தான் காயவைத்துவிட்டேன், நோட்டில்.

ஈரக் கட்டை பிறகு வளையும், குழலை ஒருபக்கம் தள்ளும், குண்டு குறி தப்பும் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். ஊ தெயினின் தோட்டத்தில் வேலைக்காரப் பெண்கள் குனிந்து களை எடுப்பார்கள். அந்த நினைப்பிலேயே இரண்டு நாள் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "கல் மாறினது பாவமில்லை அம்மா. இனிமேல் சொல்லாமல் இருந்தால்தான் பாவம்" என்றார் சுவாமியார்.

நோட்டையும் நான்கு கற்களையும் கூடையில் வைத்துக்கொண்டு தாமுவேக்குப் பஸ் ஏறினேன். அக்கா கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, இதுக்கும் கண்டக்டர் டிக்கெட் குடுத்தானா?" என்றாள். நான் நேரே பட்டறைக்குப் போனேன்.

"அத்தான், மாவ்பிக்காரர் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிடுங்க. பதினேழு ஈரம். கல்லு மாறிப்போச்சு. என் தப்பு."

அத்தான் உளியைக் கீழே வைத்தார். நான்கு கற்களையும் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து கதவை இழுத்தார். கதவுக்குப் பின்னால், முனைகளில் கோயில் மெழுகோடு, என் கையெழுத்தில் பதினேழு என்று எழுதியபடி அந்தக் கட்டை நின்றுகொண்டிருந்தது. உளி படவே இல்லை.

"அவருக்கு இங்க இருந்த பழைய கட்டையில செஞ்சேன். இதை எடுத்துட்டு வந்த அன்னிக்கே கன்னத்துல வெச்சுப் பார்த்தேன். ஜில்லுனு இருந்துச்சு. காய்ஞ்ச மரம் அப்படி இருக்காது."

நான் அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது.

"தெரிஞ்சும் ஏன் அத்தான் சொல்லல? ரெண்டு நாளா நான் சாகுறேன்."

"சொன்னா நீ நோட்டை மூடிடுவ. அப்புறம் மச்சுல இருக்கிற அத்தனை கட்டையில எதை முதல்ல கன்னத்துல வைக்கிறதுன்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா நீ கூடையைத் தூக்கிட்டு வருவேன்னு நெனைக்கல. முன்னாடியே சொல்லியிருக்கணும். அது என் தப்பு" என்றார்.

அதன்பின் காலம் மாறியது. தெரிந்தவர்கள் பலர் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சர்க்காரிடம் ஒப்படைத்தார்கள். கட்டை கேட்டு யாரும் வரவில்லை. அத்தான் நாற்காலிக் கால்கள் இழைத்தார், கோயிலுக்கு முழந்தாட்பலகை செய்தார். குறைப்பட்டுக்கொள்ளவில்லை. "என் கட்டை எதுவும் யார் கையிலயும் முறியல" என்று மட்டும் சொல்வார். பதினேழு எங்கள் மச்சுக்கே திரும்பி வந்தது. போன முதல் வெள்ளி இரண்டேகால் வீசை. ஊர் வீசை.

கடைசியாகப் பார்த்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். "ஞானம், இந்தக் கட்டையும் காய்ஞ்சிருச்சு. ரெண்டு மாசமா எடை இறங்கல. தயார்னு எழுதிக்கோ" என்று சிரித்தார். "அதெல்லாம் எழுதமாட்டேன்" என்று சொல்லிக் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினேன்.

வியாழன் மதியம் சவப்பெட்டி எடுக்க அக்கா என்னைத்தான் அனுப்பினாள். கடையில் வார்னீஷ் மினுங்க, பூ வேலையோடு முதலில் ஒன்றைக் காட்டினார்கள். குனிந்து மூடியில் கன்னத்தை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. அடுத்ததும் அப்படியே. கடைக்காரர் பதறிப்போய், "அம்மா, மயக்கமா? தண்ணி தரட்டுமா?" என்றார். "இல்லப்பா, மரம் பார்க்கிறேன்" என்றேன். ஐந்தாவது, சுவரோரம் வெகுநாளாகக் கிடந்த சாதாப் பெட்டி. ஒரு முடிச்சுகூட இருந்தது. கன்னத்தில் குளிர் ஏறவில்லை. அதை எடுத்தேன்.

வீட்டில் உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "சயாவுக்கு இப்படி ஒரு பெட்டியா?" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, பெட்டியின் மூடிமேல் குனிந்து கன்னத்தை வைத்தாள்.

"காய்ஞ்சிருக்குடி" என்றாள்.

அத்தான், அன்று எழுத மறுத்த 'தயார்' என்ற சொல்லை அடக்கம் முடிந்து வந்து நோட்டில் எழுதிவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.