அம்மா சரி என்று சொன்ன வீடு

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று ஒரு வருஷமாக என் மனத்தில் கிடக்கிறது. போன வருஷம் காரியத்தன்று பந்தலில் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"பொண்ணு கேளம்பாக்கத்துல கீறா. அவ பக்கத்துல ஒரு வூட்டப் பாக்காம, இந்த வயசுல படாளத்துல வந்து இன்னாத்துக்கு உக்காந்தாங்க? அதுவும் ஒத்த ரூமு."

பேசியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே கேள்வியை நான் அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பதில் கிடைத்தபோது அம்மாவுக்கு அதிக நாள் இல்லை.

அம்மா பிறந்தது மாமல்லபுரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில். அவருடைய தகப்பனார் பஸ் ஸ்டாண்டு ஓரம் இட்லிக் கடை வைத்திருந்தார். எட்டாவது படிக்கும்போது தகப்பனார் படுத்துவிட, அம்மாவின் படிப்பு நின்றது. பக்கத்துத் தெருவில் தையல் கற்றுக்கொண்டார். பத்தொன்பது வயதில் அப்பாவைக் கைப்பிடித்து செங்கல்பட்டுக்கு வந்தார். அப்பா அரசு பஸ் ஓட்டுநர். நாலு போர்ஷன் உள்ள ஒரு வீட்டின் முன் போர்ஷனில் வாடகைக்குக் குடியேறினார்கள். ஒரு வருஷம் இருந்துவிட்டு மாறிக்கொள்ளலாம் என்று வந்தவர்கள், நான் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போகும்வரை அங்கேயே இருந்தார்கள்.

அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைப்பார். ஜூன் மாதம் வந்தால் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது, எங்கே பார்த்தாலும் நீலத் துணி. யார் வீட்டுப் பிள்ளைக்குப் பாவாடை தைத்தாலும் கீழே நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விடுவார். அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்தால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இறக்கித் தருவதற்குக் காசு வாங்க மாட்டார். அதிர்ந்து பேசத் தெரியாது. ஆனால் ஒன்றை வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. எனக்கும் அப்பாவுக்கும் வாய்த்தது வேறு குணம். நாங்கள் இருவரும் பயந்தாங்கொள்ளிகள், எதையும் பத்து முறை யோசிப்பவர்கள்.

அப்பா ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் அது நடந்தது. பின் போர்ஷனில் இருந்த பெரியவர் ஆஸ்பத்திரியில் காலமானார். நட்சத்திரம் சரியில்லாத நாளில் இறந்தால் வீட்டை மாதக்கணக்கில் அடைத்து வைக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் உண்டல்லவா? வீட்டுக்காரர் அந்த பயத்தில் கேட்டைப் பூட்டிவிட்டார். உடலை உள்ளே கொண்டுவர விடவில்லை. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே சந்திலேயே நின்றது. குளிப்பாட்ட இடமில்லை, கிடத்த இடமில்லை. அந்தப் பெரியவரின் மனைவி செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் வண்டிக்குள் ஏறி முகத்தைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குறுகலான அந்தச் சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்க வழி சொன்னது அப்பாதான். திரும்பி வந்து தலைக்குக் குளித்தார். அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

மறு வாரம் அம்மாவிடம், "சொந்தமா ஒரு வூடு பாக்கணும்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

எங்கே, எவ்வளவு பெரியது என்பதில்தான் இழுபறி. அம்மாவுக்கு என் பக்கத்தில் இருக்க வேண்டும், கேளம்பாக்கத்தில். பேரப்பிள்ளைகள் வந்தால் தங்க இரண்டு படுக்கையறை வேண்டும். அப்பாவுக்குத் தரையோடு தனி வீடு வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி உள்ள வந்து திரும்புமா?" என்பதுதான். பஸ் ஓட்டியவர், பழக்கதோஷம் என்று நாங்கள் சிரித்தோம். சமையலறையை எட்டிப் பார்க்க மாட்டார், தண்ணீர் வருமா என்று கேட்க மாட்டார். தெருவின் அகலத்தைக் காலடி வைத்து அளப்பார். டேப்பை எடுத்து மாடிப்படி வளைவை அளப்பார். "உன் பீரோ ஏறணும் இல்ல?" என்பார் அம்மாவிடம்.

கேளம்பாக்கத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட் வந்தது. மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, கையிருப்புக்குள் அடங்கும் விலை. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தையல் மிஷினை எந்த ஜன்னல் ஓரம் போடலாம் என்றுகூடப் பார்த்துவிட்டார். அப்பா மட்டும் லிஃப்டை விட்டு நகரவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி, "நிக்கலாம். படுக்க முடியாது" என்று முணுமுணுத்தார்.

புரோக்கர் சிரித்தார். "லிஃப்ட்ல யாரு சார் படுக்கப் போறாங்க?"

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். கீழே இறங்கி வந்ததும், "இது வாணாங்க. வேற பாக்கலாம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்கு எட்டியதை இவர்களே தட்டிவிடுகிறார்களே என்று இருவரோடும் ஒரு வாரம் பேசவில்லை.

கடைசியில் படாளத்தில் அமைந்தது. ஒரு ஹால், ஒரு ரூம், ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாத சமையலறை. முன்னால் மட்டும் விசாலமான வாசல். அம்மா கேட்ட இரண்டு ரூம் போயிற்று, கேளம்பாக்கமும் போயிற்று. அவர் வைத்த ஒரே நிபந்தனை, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜிஎஸ்டி ரோடு பஸ் ஸ்டாப் இருக்க வேண்டும் என்பது. சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டிலும் திருப்போரூரிலும் பஸ் மாறி என் வீட்டுக்கு வந்து சேர்வார். நாங்கள் படாளம் போனால் எல்லோரும் ஹாலில்தான் படுக்கை. ஃபிரிட்ஜும் தையல் மிஷினும் அதே ஹாலில்தான். அம்மா ஒரு நாளும் குறை சொல்லிக் கேட்டதில்லை. குறை சொன்னதெல்லாம் நான்தான்.

படாளத்துக்குப் போன இரண்டாம் வருஷம் அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். அதன் பிறகு போன் அடித்தாலே எனக்கு பயம். திரையில் 'அப்பா' என்று வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். எடுத்தால், "ஒன்னும் இல்ல பாப்பா, கீரை வாங்கினேன், உனுக்கு வேணுமா?" என்பார். ஆஸ்பத்திரி இவ்வளவு தூரம் இருக்கிறதே, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே படபடப்பு. சண்டை போட்டு அம்மாவையும் கூடவே அப்பாவையும் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். நானும் என் வீட்டுக்காரரும் இருப்பதும் வாடகை வீடுதான், இரண்டாவது மாடி.

ஒரு மாதம் வைத்தியம் நடந்தது. இதயம் இனித் தேறாது, மாத்திரையில் முடிந்தவரை ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா ஒரே பாட்டுதான். "பாப்பா, என்ன வூட்டுக்கு இட்டுகினு போ." நான் நாளைக்கு, அடுத்த வாரம், இன்னொரு டெஸ்ட் பாக்கி என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் மத்தியானம், அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உங்கப்பா லிஃப்ட இன்னாத்துக்குப் பாத்தாருன்னு எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறாரு. பீரோவுக்காம் பீரோ!"

"எதுக்கும்மா பாத்தாரு?" என்றேன். அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

"அந்தப் பின் வூட்டுப் பெரியவரத் தெருவுலயே வச்சு அனுப்புனாங்களே, அதுலேர்ந்து அவருக்கு பயம். தனக்கும் அந்த கெதி வந்துடும்னு. பொணத்தப் படுக்க வச்சு மேல ஏத்த முடியுமா, ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வருமான்னுதான் எல்லாத்தையும் அளந்தாரு. தான்தான் முதல்ல போவோம்னு நெனச்சு வூடு தேடினாரு. எனுக்கு அப்பவே தெரியும், நான்தான் முந்திக்குவேன்னு. படி ஏறுனாலே நெஞ்ச அடைக்கும், யாருகிட்டயும் சொல்லல. நான் போற அன்னிக்கு உங்கப்பா எவன் வூட்டு கேட்டு முன்னாடியும் நின்னு கெஞ்சக்கூடாது பாப்பா. அதுக்குத்தான் அந்த வூட்டுக்குச் சரின்னேன். இப்ப நீ என்ன இங்க வச்சுகினு கீற."

அன்று இரவே அம்மாவின் துணிகளை எடுத்து வைத்தேன். மறுநாள் காலையிலேயே காரில் பின் சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் திரும்பி அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். படாளம் போய்ச் சேருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் அது என் தாமதம், என் பிடிவாதம் என்று சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டேன். அம்மா கண் திறந்த நிலையில் வீடு வந்து சேர்ந்தார். ஹால் ஜன்னல் ஓரம் கட்டிலைப் போட்டோம்.

ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் காலை, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரில் ராசிபலன் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். என் பக்கத்திலேயே இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்று டாக்டரிடம் கேட்டேன். வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அதைப் பாதிதான் நம்புகிறேன். மீதிப் பாதி இன்றும் என்னை அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அன்று வாசலில் பந்தல் போட்டார்கள். வெளியூர் உறவுகள் வந்து சேரும்வரை மாலை நாலு மணி வரைக்கும் அம்மா வாசலில் இருந்தார். நீர்மாலை எடுத்துவந்து, குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து, ஒரு முறையும் விட்டுப்போகாமல் எல்லாம் செய்தோம். சீக்கிரம் எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்க வேண்டி வரவில்லை.

அன்று அடுப்பு மூட்டி எல்லோருக்கும் காபி கொடுத்த எதிர் வீட்டு அக்காவுக்கும், தங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்துவைத்துப் பெண்களை உட்கார வைத்த தெருவாருக்கும், மாமல்லபுரத்திலிருந்து பிறந்த வீட்டுக் கோடித் துணியோடு ஓடி வந்த மாமாவுக்கும், அம்மா தைத்த பாவாடையைக் கட்டிப் பள்ளிக்குப் போய் இன்று தங்கள் பிள்ளைகளோடு வந்து நின்ற பெண்களுக்கும் எங்கள் நன்றி. கார் ஓட்டி அம்மாவை அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்த என் வீட்டுக்காரருக்கும் இங்கேதான் நன்றி சொல்ல முடிகிறது.

இரண்டு வேண்டுகோள். அப்பா அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். கூப்பிட்டால் வர மறுக்கிறார். வீட்டை விற்றுவிடச் சொல்லி அவருக்கு யோசனை சொல்லாதீர்கள். ஜிஎஸ்டி ரோட்டில் அந்தப் பக்கம் போகும்போது ஐந்து நிமிடம் இறங்கி, சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று இன்றைக்கே செய்ய வேண்டியது. அந்த மத்தியானம் அம்மா சொன்னதை ஒரு வருஷமாக நான் அப்பாவிடம் சொல்லவில்லை. எத்தனையோ முறை வாய் வரைக்கும் வந்தது, தைரியம் வரவில்லை. இதை அவர் இங்கேதான் முதல் தடவையாகப் படிக்கப் போகிறார். அவர் கையிலும் ஒரு மலர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகத்தான் படிப்பார். அவர் படித்து முடிக்கும் வரை யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.