அவர் குடிக்காத பீர்

சங்கரன்கோவில் மதுக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் தேய்த்த வெள்ளைச் சட்டைக்காரர். வாங்கிய பீரைத் திறந்ததும் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

"எதைக் கேட்டாலும் இங்கன இந்த ஒண்ணுதான் வே."

பெங்களூரில் நான் விரும்பிக் குடிக்கும், ஆரஞ்சுத் தோல் போட்ட கோதுமை பீரைப் பற்றிச் சொன்னேன்.

"முழுங்கின பொறவு கசக்குமா, இனிக்குமா?"

எத்தனையோ முறை குடித்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காப்பி வாசம் அடிக்கும் கறுப்பு பீர் ஒன்றை அவர் சிபாரிசு செய்தார். "நான் படிச்சதோட சரி. நீரு குடிச்சிட்டுச் சொல்லும்."

அடுத்த மாதமே பெங்களூரில் அதைக் குடித்தேன். முதலில் கசந்து, பிறகு கருப்பட்டியாக இனித்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அவரைத் தேடுகிறேன். போன் நம்பர்கூடக் கேட்காத என் மடத்தனம் எரிச்சலூட்டுகிறது. அந்த ருசியைச் சொன்னால் கேட்டுக்கொள்ள எனக்கு வேறு ஆளில்லை.