தம்பி காருக்கு ஒரு கம்ப்யூட்டர்

புதன்கிழமை காலை தம்பி தன் காருக்கு வாங்கிய புது கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தான். பளபளவென்று நீல அலுமினியம். ஒரு பெரிய அகராதி அளவு இருந்தது. மீட்டர்க்காரி அதைப் பார்த்தாள்; தொடவில்லை.

"என்னக்கா, பிடிக்கலையா? இதுல இல்லாததே இல்ல. சக்கரம் வழுக்கினா அதுவே பிடிச்சுக்கும். நான் காலைத் தப்பா வெச்சாக்கூட அதுவே சரி பண்ணிடும்."

கடைசியாகச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். கையில் அழுக்கே இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவள் அவள். யாராவது வந்து "பேட்டரி போயிடுச்சு" என்றால், "போயிட்டு வரேன்னு உங்ககிட்ட சொல்லிச்சா?" என்று கேட்டுவிட்டு மல்டிமீட்டரை எடுப்பாள். அளந்து பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதனால் தெருவில் எல்லாருக்கும் அவள் மீட்டர்க்காரி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பாள்.

தம்பிக்கு மலைச்சாலையில் ஓட்டும் பந்தயம்தான் உயிர். அவன் வைத்திருந்தது பழைய கார். கார்புரேட்டர் இருக்கவேண்டிய இடத்தில், இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் ஒரு த்ராட்டில் பாடி. அதன் தலையில் இரண்டு இன்ஜெக்டர்கள் உட்கார்ந்துகொண்டு நாலு சிலிண்டருக்கும் சேர்த்து மேலேயிருந்து பெட்ரோலைத் தூவும். இன்ஜினைக் குடைந்து பெரிதாக்கி, வால்வுகளைத் திறந்து மூடப் பந்தயத்துக்கான கேம் ஷாஃப்டைப் போட்டு, அதை ஆளே அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தான். பக்கத்து இருக்கையில் அவள் கணவர் உட்காருவார். அவர் சலூன் வைத்திருப்பவர். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிப் பழகியவர் என்பதால், வளைவுகளை முன்கூட்டியே வாசித்துச் சொல்லும் வேலை அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

எட்டு மாதத்துக்கு முன் நடந்த பந்தயத்தில், ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் பொசுக்கென்று அணைந்தது. இன்ஜினின் துணை இல்லாமல் பிரேக் மிதி கல்லாக இறுகிவிட்டது. கார் பின்பக்கமாகச் சறுக்கி, கதவு பக்கமாகச் சுவரில் மோதியது. கணவரின் காறை எலும்பு முறிந்தது. கத்தி பிடிக்கிற கைப்பக்கம் அது. இரண்டு மாதம் சலூன் பூட்டிக் கிடந்தது. இப்போதும் உயரமான ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குத் தோள் விண்ணென்று வலிக்கும்.

கிளட்ச்சை விட்ட விதம் சரியில்லை, கால் தடுமாறிவிட்டது என்று பந்தயக் கிளப்பில் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். தம்பியும் அப்படியே நம்பினான். ஆறு மாதம் சாவியைத் தொடவில்லை. மாமா முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினான். இப்போது மறுபடி ஓட்டலாம் என்று துணிந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தயம், சனி மதியம் வண்டிச் சோதனை.

அணைந்ததற்குக் காரணம் அவன் கால் இல்லை என்பது அவளுக்கு மூன்று வாரமாகத் தெரியும்.

நசுங்கிய காரைச் சீராக்கும்போது இன்ஜினின் உறிஞ்சலை அளக்கும் ஒரு வேக்கம் கேஜை மாட்டிப் பார்த்தாள். இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று காரோடு வந்த கம்பெனிக் கம்ப்யூட்டர் வேக்கத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். அந்தப் பந்தயக் கேமோடு இன்ஜின் ஐட்லிங்குக்கு, அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும் நிலைக்கு, வந்ததும் காய்ச்சல்காரன் கைபோல முள் வெடவெடவென்று நடுங்கியது. வேக்கம் குறைந்ததைப் பார்த்த கம்ப்யூட்டர், ஓட்டுகிறவர் முழுசாக மிதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டியது. இன்ஜின் மூச்சுமுட்டி நின்றது. பட்டறைக்குள்ளேயே, யார் காலும் இல்லாமல், ஐந்து தடவை நின்றது.

இன்ஜினை மாற்றியபோது அந்தக் கம்ப்யூட்டரே போதும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். "சிப்பை மட்டும் மாத்தி எழுதினா ஓடும், நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தாள். அதை இப்போது எப்படி வாய் திறந்து சொல்வது என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். வேறொரு கம்ப்யூட்டரை வரவழைத்து, யாருக்கும் சொல்லாமல் அலமாரியில் வைத்திருந்தாள். சோப்பு டப்பா அளவு, சாம்பல் நிறம். சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் முடிந்தது என்று ஒரு நப்பாசை. அதற்குள் தம்பி நீலப் பெட்டியோடு வந்து நிற்கிறான்.

அவள் மாற்று இன்ஜெக்டர் ஒன்றை எடுத்து மீட்டர் முனைகளை வைத்தாள். "பாரு. மின்தடை ஒன்றரை ஓம்தான். உன் பெட்டியோட காகிதத்துல பன்னிரண்டுக்குக் கீழே மாட்டக்கூடாதுன்னு போட்டிருக்கான். மாட்டினா கரண்ட் அதிகமாப் பாய்ஞ்சு உள்ள கருகிடும். இன்ஜெக்டர் திறந்தபடியே நின்னா இன்ஜின் முழுக்கப் பெட்ரோல்."

"நடுவுல ரெசிஸ்டர் போட்டா போச்சு."

"போடலாம். கருகாது. ஆனா இன்ஜெக்டர் திறக்கிறதுல சோம்பல் வந்துடும். ஐட்லிங்ல அது கண் சிமிட்டுற நேரத்துல திறந்து மூடணும். அங்க தடுமாறினா மறுபடி அதே வளைவுல அணையும்."

"அதெல்லாம் அணையாதுக்கா." அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "அன்னைக்கு அணைஞ்சது வண்டியால இல்லையே, என் காலால. அதுக்குத்தான் இந்தப் பெட்டி வேணும்கறேன். என் காலை நம்பி மாமாவை இன்னொரு தடவை உட்கார வைக்க மாட்டேன்."

வெளியே யாரோ இரும்புக் கதவை இழுத்தார்கள். சத்தம் அடங்கியதும் அவள் மீட்டரை அணைத்து வைத்தாள்.

"உன் கால் இல்லடா."

"என்னது?"

"உன் கால் இல்ல. கம்ப்யூட்டர். நான் போதும்னு சொன்னேனே, அது. மூணு வாரம் முன்னாடி பார்த்தேன்."

சொல்லி முடித்துவிட்டு, கேஜை மாட்டி இன்ஜினைக் கிளப்பியும் காட்டினாள். முள் நடுங்கியது. வால் குழாயில் கரும்புகை வந்தது. இன்ஜின் நின்றது. தம்பி மறுபடி கிளப்பச் சொன்னான். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அவனே சாவியைத் திருப்பினான்.

"எட்டு மாசம்," என்றான். "எட்டு மாசமா ராத்திரி கண்ணை மூடினா என் கால்தான் தெரியுது. அதுல மூணு வாரம் நீ தெரிஞ்சே பார்த்துக்கிட்டு இருந்திருக்க."

நீலப் பெட்டியை எடுக்காமலே வெளியேறினான்.

வியாழக்கிழமை அவள் தனியாகச் சாம்பல் பெட்டியை மாட்டத் தொடங்கினாள். தம்பி வருவானா என்று தெரியாது. மதியம் சலூனைச் சாத்திவிட்டுக் கணவர் வந்தார். முந்தின நாளே தம்பி அங்கே போய், முடிவெட்டிக்கொள்ள வந்தவன்போல நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். இரவெல்லாம் இவர் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்டதான் பயம். உங்க தோளை நான்தான் ஒடச்சேன்."

அவர் அதை இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள். ஒயர் கட்டைக் கையில் எடுத்து நிறம்வாரியாகப் பிரித்து அவளிடம் நீட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பெட்டி அணைக்காதா?" என்றார்.

"அணைக்காதுன்னு வாயால சொல்ல மாட்டேன். இது இந்த இன்ஜெக்டருக்குப் பொருந்தும். வேக்கம் நடுங்குற இடத்துல அதை விட்டுட்டு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு பார்த்து பெட்ரோல் விடும். நடந்ததையெல்லாம் ஒண்ணுவிடாம எழுதி வெக்கும். பழசு எதையும் சொல்லாது. இது தப்புப் பண்ணினா எங்கேன்னு காட்டும்."

"தப்புப் பண்ணினப்புறம் பார்த்து என்ன ஆகப்போகுது?"

"அதனாலதான் நாளைக்கு நான் உட்கார்றேன். நீங்க இல்ல."

வெள்ளிக்கிழமை காலை தம்பி வந்தான். வணக்கமும் சொல்லவில்லை, அக்கா என்றும் கூப்பிடவில்லை. நேராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். அவள் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில் ஏறி வாரைப் பூட்டினாள். எத்தனையோ பந்தயக் கார்களுக்கு ஒயர் இழுத்தவள், ஒன்றிலும் வேகமாகப் போனதில்லை.

ஆள் நடமாட்டமில்லாத அதே மலைச்சாலைக்குப் போனார்கள். முதல் தடவை அந்த வளைவில் காலை எடுத்ததும் இன்ஜின் இருமியது. பிரேக் பிடித்தது, கார் நின்றது. திரையைப் பார்த்தாள்: த்ராட்டில் மூடும் கணத்தில் பெட்ரோல் அறவே நின்றிருந்தது. அதை மாற்றினாள். இரண்டாம் தடவை இருமவில்லை. ஆனால் மறுபடி மிதித்தபோது ஒரு நொடி தயங்கியது. திடீரென்று மிதிக்கும்போது கொடுக்கவேண்டிய கூடுதல் பெட்ரோலை ஏற்றினாள். எண்ணைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். மூன்றாம் தடவை கார் வளைவில் வழுக்கிக்கொண்டு போய், கோட்டில் விழுந்து, சீறி மேலே ஏறியது. நாலாவதும் அப்படியே. ஐந்தாவதும்.

மேலே நிறுத்தியதும் அவள் கதவைத் திறந்து வாந்தி எடுத்தாள். தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "இன்னொரு தடவை போகலாமா?" என்று கேட்டான். இரண்டு நாளில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மச்சானும் போனார்கள். அவள் மலையடிவாரத்தில் கூடாரத்துக்குக் கீழே, ஒலிபெருக்கியைக் கேட்டபடி நின்றாள். முதல் இரண்டு சுற்று நல்ல நேரம். மூன்றாவதில் பன்னிரண்டாம் கார் மேலே எல்லையைக் கடந்தது, பதின்மூன்று கடந்தது, பதினைந்தும் கடந்தது. "பதினாலு இன்னும் கடக்கவில்லை" என்றது ஒலிபெருக்கி. அது தம்பியின் கார் எண். அவள் ஸ்பானரை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பக்கத்துக் கூடாரத்துக்காரர் "டயரா இருக்கும்மா" என்றார். அவள் காதில் அது ஏறவில்லை.

ஒன்பது நிமிஷம் கழித்துச் சத்தம் கேட்டது. இறங்கி வந்த கார் கரும்புகை கக்கிக்கொண்டு, முக்கி முனகி வந்தது. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற பிறகும் தம்பி ஆக்ஸிலரேட்டரை விடவில்லை.

"விட்டா அணைஞ்சிடும்க்கா! சீக்கிரம் பாரு!"

பாதி வழியில் இன்ஜின் தாறுமாறாகத் துள்ள ஆரம்பித்ததாகக் கணவர் சொன்னார். கொண்டை ஊசிகளிலெல்லாம் தம்பி ஒரே காலின் முன்பாதத்தால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்து, இன்ஜினை ஐட்லிங்குக்கு இறங்கவே விடாமல் மேலே கொண்டுபோய், அப்படியே கீழேயும் இறக்கியிருக்கிறான். "நான் வளைவைப் படிக்கறதை விட்டுட்டு அவன் காலையே பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார்.

அவள் லேப்டாப்பை மாட்டினாள். மூன்றாம் சுற்றின் ஆறாவது நிமிஷத்தில் த்ராட்டில் திறப்பை அளக்கும் சென்சாரின் கோடு செங்குத்தாக விழுந்து கிடந்தது. அதற்குப் பிறகு பெட்டி நடுங்கும் வேக்கத்தை மட்டும் நம்பி ஓட்டியிருந்தது. பானெட்டைத் திறந்தாள். சென்சாரின் ப்ளக் கழன்று தொங்கியது. அதன் பூட்டு உடையவில்லை. அழுத்திப் பூட்டாமல் விட்டிருந்தால்தான் அப்படிக் கழலும்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் சரியா பூட்டல," என்றாள். "வியாழக்கிழமை. என் தப்பு."

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு, "சரி, இப்பப் பூட்டு. கடைசி சுற்றுக்கு நாலு நிமிஷம்தான் இருக்கு," என்றான்.

'க்ளிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். போதாதென்று இழுத்தும் பார்த்தாள். கணவர் தோள் வலியில் ஒற்றைக் கையால் வாரைப் பூட்ட முடியாமல் திணற, அதையும் குனிந்து பூட்டிவிட்டாள். கார் கிளம்பியது.

பிரிவில் ஒன்பதாவது இடம் கிடைத்தது. மூன்றாம் சுற்றில் போன நேரத்தைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் கிளப் ஆட்கள் முன்னால், எட்டு மாதத்துக்கு முன் நடந்தது எதனால் என்று அவளே எழுந்து நின்று சொன்னாள். தம்பி அப்போது வெளியே டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே வரவில்லை. அவளிடம் பழையபடி சண்டை பிடித்துப் பேச அவனுக்கு மேலும் நாலைந்து மாதம் ஆயிற்று. நீலப் பெட்டி மட்டும் பந்தயத்துக்கு அடுத்த வாரமே வேறு ஒருவரின் காருக்குப் போய்விட்டது.