எடுக்காமல் விட்ட கானாங்கோழி

கல்யாண மாப்பிள்ளையை "கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்று சொல்லிப் படம் எடுத்துவிடலாம். பறவையிடம் அந்தப் பாச்சா பலிக்காது. அதனால்தான் கேமராவோடு வரப்பில் அலைகிற நாம் வேண்டாத வேலையெல்லாம் செய்கிறோம். என் பாவங்களை நான் சொல்கிறேன், உங்களுடையதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

துணி கிளிப்பு

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், நந்தியாவட்டை இலைகளைத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். ஓர் இலை மறைத்தது. துணி காயப்போடும் கிளிப்பால் அதை ஒதுக்கிப் பிடிக்கவைத்து எடுத்தேன். மூன்று வாயும் திறந்து, அப்பப்பா, என்ன படம்! காபி குடிக்க உள்ளே போனவன் கிளிப்பை எடுக்க மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது கிளையில் காக்கா. கூடு காலி. தாய்ச்சிட்டு வாயில் புழுவோடு சுற்றிச் சுற்றி வந்தது. என் மனைவி மாலதி திட்டவில்லை. கிளிப்பைக் கழற்றிக் கொடியில் மாட்டிவிட்டுக் கேட்டாள்: "படம் நல்லா வந்துச்சாங்க?"

ஏரிக்கு வழி

அதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் ஏரியில் அரிவாள் மூக்கன்கள் கூட்டமாக இறங்கியிருந்தன. படத்தை ஃபேஸ்புக்கில் போட்டேன். சும்மா போட்டேனா? ஏரியின் பெயர், எந்த டீக்கடையில் திரும்ப வேண்டும், எல்லாம் எழுதினேன். லைக் வந்து குவிந்தது, பூரித்துப்போனேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனால் ஏரி வெறிச்சென்று கிடந்தது. கரையில் அறுந்த வலையும் இறகுகளும். டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டியபடி சொன்னார்: "உங்க படத்த ஃபோன்ல காட்டித்தான் சார் வழி கேட்டாங்க. உங்க ஆளுங்கன்னு நெனச்சேன்."

வலங்கைமான் வயல்

வலங்கைமான் விவசாயி கலியபெருமாளின் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் நான். குறுவை நெல் அறுக்கும்போது அவர் வயலில் கானாங்கோழிக் கூடு தெரிந்தது, ஆறு முட்டையோடு. அறுப்பு மெஷினை நிறுத்தி, கூட்டைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குக் கதிரை அப்படியே விட்டுவைத்தார். சிங்கப்பூரில் இருக்கும் அந்த மகளுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று கூப்பிட்டார்.

லென்ஸை மாட்டி உட்கார்ந்தேன். கோழி வரப்போரம் நின்று கத்தியதே தவிரக் கூட்டுக்கு வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இப்படியே போனால் முட்டை வீணாகிவிடும். ஒரு படம்கூட எடுக்காமல் மூட்டை கட்டினேன். "நாம நின்னா அது வராதுங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

பத்து நாள் கழித்து அவரே ஃபோன் செய்தார்: "ஆறும் பொரிச்சு ஓடிருச்சு தம்பி. போட்டோகிராபர் வந்தும் ஏம்ப்பா படம் இல்லன்னு மக கேக்குறா. நான் என்னத்தச் சொல்றது?"

நான் அழகாக எடுத்தவை எதுவும் மிஞ்சவில்லை. உருப்படியாகப் பிழைத்தது நான் எடுக்காதது மட்டும்தான்.