சம்பியன்களுக்குப் போட்ட மாலை

சின்யோரா என்று நாங்கள் கூப்பிட்ட எசமானியம்மாவின் வீட்டு நடைச்சுவரில் தொங்கிய பெண்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அம்மா முடிவுகட்டிவிட்டார். அதில் அவர்மேல் பெரிய பிழை சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளைப் படங்கள், கனத்த மரச்சட்டங்கள். போதாததற்கு நடையில் வெளிச்சம் குறைவென்று ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு குட்டி மின்விளக்கு. எங்கள் ஆட்கள் ஒருவரின் படத்தைச் சட்டம் போட்டு விளக்கும் ஏற்றி வைத்தால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். உயிரோடு இருப்பவருக்கு அப்படிச் செய்ய யாருக்குத் துணிவு வரும்?

அவர்கள் யார் என்பதையும் அம்மாவே கண்டுபிடித்தார். சின்யோராவின் அக்காமார், தங்கைமார், சித்திமார். எல்லோர் கையிலும் ஊன்றுகோல் மாதிரி ஒரு பொல்லு இருந்ததால் அது முழங்காலில் வரும் பரம்பரை வருத்தம். இளம் வயதிலேயே பொல்லுப் பிடித்து இளம் வயதிலேயே போய்விட்டார்கள், பாவங்கள். சிலர் பெரிய வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல் முழுவதும் தெரியச் சிரித்தார்கள். அதற்கு அம்மாவிடம் விளக்கம் இல்லை. பணக்கார வீட்டில் வெள்ளிப் பாத்திரம் இருக்கும்தானே என்று விட்டுவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. பலெர்மோவில் நாங்கள் இருந்தது சின்யோராவின் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முற்றத்தைப் பார்த்த ஒற்றை அறையில். அம்மா மேலே மூன்றாம் மாடியில் அவருடைய வீட்டு வேலைகளைப் பார்த்தார். அதற்காகத்தான் அந்த அறை. சின்யோரா போட்ட கையெழுத்தில்தான் அம்மாவின் பெர்மெஸ்ஸோ வருசா வருசம் புதுப்பிக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் இத்தாலியில் இருக்கவே முடியாது. அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். சின்யோராவுக்கு எழுபது தாண்டியிருந்தது. கலியாணம் கட்டவில்லை, பிள்ளை குட்டி இல்லை. இத்தனை பெண்களையும் வாரிக்கொடுத்துவிட்டுத் தனியே இருக்கிற மனுசி என்று அம்மாவுக்கு அவர்மேல் அப்படி ஒரு இரக்கம். கோப்பியில் அரைக் கரண்டி சீனி கூடப் போட்டுக் கொடுப்பார்.

அந்த இரக்கத்தில்தான் பூ வைக்கத் தொடங்கினார். சின்யோராவின் பல்கணியில் பெரிய சாடியில் ஈழத்தலரி நின்றது. பலெர்மோவில் பல்கணிக்குப் பல்கணி அது நிற்கும். குளிர்காலத்தில் கொப்பு நுனி கருகாமல் இருக்க முட்டைக்கோதைக் கவிழ்த்து வைப்பார்கள். முட்டைக்கோது போட்ட மரத்துப் பூ சாமிக்கு ஆகாது என்பது அம்மாவின் தீர்ப்பு. ஆனால் செத்தவர்கள் அதையெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்பதும் அவருடைய தீர்ப்புத்தான். ஆகவே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தப் பூக்களை நூலில் கோத்து ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன மாலை போட்டார். கண்ணாடிக்கு மேலால், நெற்றிக்கு நேரே, ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார்.

சின்யோரா தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமல்ல, பூரித்துப்போனார். வீட்டுக்கு வருகிறவர்களை நடையில் நிறுத்தி, என் வீட்டில் வேலை செய்கிற பெண்ணைப் பாருங்கள், எவ்வளவு பெரிய மனம் என்று சொல்லுவாராம். அம்மாவுக்கு விளங்கிய இத்தாலியன் தும்புத்தடி, சவர்க்காரம், நாளைக்கு வா என்ற அளவில்தான் இருந்தது. தன் இரக்கத்தைத்தான் சின்யோரா மெச்சுகிறார் என்று அவர் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொள்வார். இரண்டு பேருக்கும் சந்தோசம். நான் அந்தக் கோடையில் மூக்கை நுழைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அப்படியே போயிருக்கும்.

பள்ளிக்கூட விடுமுறை. நானும் அம்மாவோடு மேலே போய்விடுவேன். ஒரு பின்னேரம் சின்யோரா என்னைக் கூப்பிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தினார். பச்சைப் புல்வெளி ஒன்று முடிவில்லாமல் ஓடியது. ஒரு பெண் பொல்லால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்தார். அது கோல்ஃபாம். அமெரிக்காவில் வருசாவருசம் நடக்கும் பெண்களுக்கான பெரிய போட்டியாம். அதற்கு மேலே வேறு போட்டி இல்லை என்று சின்யோரா சொன்ன விதத்தில், நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

ஆட்டம் ஆறுதலாக நடந்தபடியால் அவர் போட்டியின் வரலாறு முழுவதையும் எனக்குச் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொடங்கியதாம். முதலில் பார்க்க ஆளே வராதாம். ஒருத்தி காரின் பின்னிருக்கையில் படுத்து எழும்பி வந்து வென்றாள். இன்னொருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. கிண்ணத்தோடு ஊர் திரும்பி அடுத்த நாளே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். இன்னொருத்தி கொட்டுகிற மழையில், பாவாடையை ஊசியால் குத்திக்கொண்டு கடைசிக் குழிவரை போனாள். புராணம் மாதிரி அடுக்கிக்கொண்டே போனார். நான் பிஸ்கட்டை மறந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் பழைய சம்பியன்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். கிழவிகள், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக. அதில் ஒருத்தியின் சிரிப்பை எனக்குத் தெரியும். நடைச்சுவரில் மூன்றாவது படம். பல் முழுவதும் தெரிகிற அதே சிரிப்பு. யார் இது என்று கேட்டேன். இவர் ஒரு வருசம் வென்றார் என்று மட்டும் சின்யோரா சொன்னார். இரண்டாவதாக வந்தது யார் என்று கேட்டேன். நான்தான் என்றார். மற்ற எல்லோருக்கும் அவ்வளவு நீட்டி முழக்கியவர் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, மூண்டாவது படத்திலை இருக்கிறவ ரீவியிலை கை தட்டுறா."

செத்த ஆட்களை வைத்துப் பகிடி விடாதே என்று அம்மா அகப்பைக்காம்பைக் காட்டினார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். தொலைக்காட்சியில் மூன்றாவது படம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏழாவது படம் சுவிங்கம் சப்பியது. அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.  நேரே நடைக்குப் போய் எல்லா மாலைகளையும் அவிழ்த்து, சந்தனத்தைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டினார்.

அன்றிரவு அப்பா சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர் தரையில் தட்டினார்கள். உயிரோடு திரிகிற பெண்களுக்குக் கிழமைக்குக் கிழமை திவசம் செய்த ஒரே ஆள் நீதான் என்றார். அம்மா சிரிக்கவில்லை. ஒருவரைச் செத்தவராக நினைத்து மாலை போட்டால் அந்தத் தோசம் போய் எங்கே விடியும் என்று அவருக்கு உண்மையாகவே பயம். மூன்றாவது மனுசிக்கு ஏதாவது நடந்தால் தன் கைதான் காரணம் என்று சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழுதார்.

சோதனை அதோடு முடியவில்லை. இரண்டு நாள் போக சின்யோரா படங்களில் மாலை இல்லாததைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வருகிற ஞாயிறு மூன்றாவது படத்துக்காரி அமெரிக்காவிலிருந்து வருகிறார், எத்தனையோ வருசத்துக்குப் பிறகு வருகிறார், அவருடைய படத்துக்கு எல்லாவற்றிலும் பெரிய மாலை வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அம்மா ஏலாது என்றார். காரணம் சொல்லாதே என்று என் தொடையில் கிள்ளியும் வைத்தார். பூ இல்லை என்று நான் சொன்னேன். சின்யோரா பல்கணிக் கதவைத் திறந்துவிட்டார். மரம் நிறையப் பூ.

அவர் கத்துகிற ஆள் அல்ல. இவ்வளவு நாளும் மனதோடு செய்ததை, நான் கேட்கும்போது மட்டும் செய்ய மாட்டாள் என்றால், எனக்கு வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று மெதுவாகச் சொன்னார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.  போட்டால் ஒரு உயிருக்குப் பழி. போடாவிட்டால் வேலை, அறை, பெர்மெஸ்ஸோ எல்லாம் போகும். 

ஞாயிறு காலை பார்த்தால் அம்மா பெரிய மாலை ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார். ஈழத்தலரியும், போர்கோ வெக்கியோச் சந்தையில் வாங்கிய சிவப்புப் பூக்களும். நல்ல சீலையும் உடுத்தியிருந்தார். பயத்தில் மனுசிக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அப்பா பார்த்தார்.

மூன்றாவது படத்துக்காரி உயரமான மனுசி. வெள்ளை முடியை ஆம்பிளை மாதிரி வெட்டியிருந்தார். மெய்யாகவே ஒரு பொல்லை ஊன்றிக்கொண்டுதான் படியேறி வந்தார். சின்யோராவும் அவரும் வாசலில் கையைக் குலுக்கிவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவர்கள் போல நின்றார்கள். சின்யோரா நடைச்சுவரைக் காட்டத் திரும்பினார். ஒரு படத்திலும் மாலை இல்லை. அவர் கண் அம்மாவைத் தேடிய அந்த நேரம் அம்மா முன்னுக்கு வந்து, எட்டி, அந்த மாலையை அமெரிக்கக்காரியின் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார்.

"சொல்லு," என்றார் என்னிடம். "உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு நாங்கள் கழுத்திலைதான் போடுறனாங்கள்."

சொன்னேன். சின்யோரா சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார்.  அப்படியென்றால் இவ்வளவு நாளும் இவர்களுக்கு ஏன் போட்டாள் என்று கேட்டார். அம்மா நிலத்தைப் பார்த்தார். இனி மறைத்து என்ன என்று எனக்குப் பட்டது. செத்துவிட்டார்கள் என்று நினைத்தோம் என்றேன்.

சின்யோராவின் வாய் திறந்தபடி நின்றது. விருந்தாளி அவர் கையைப் பிடித்து என்ன என்ன என்று உலுப்பினார். சின்யோரா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அமெரிக்கக்காரி சிரிக்கத் தொடங்கி, நிற்கமுடியாமல் கதிரையில் இருந்து, பொல்லால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சொந்த வீட்டில்கூட என்னை இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் நினைத்ததில்லை என்று சொன்னாராம். சின்யோராவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கண்டதேயில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வேலை தப்பியது.

சிரிப்பு அடங்கியதும் விருந்தாளி எழும்பினார். மாலையைக் கழற்றி, சின்யோராவின் கழுத்தில் போட்டார். சின்யோரா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டு அதைக் கழற்றித் திரும்ப அவருடைய கழுத்தில் போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை. பூவைச் சரிசெய்கிற மாதிரி அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். கண்ணால் தண்ணீர் வழிந்தது.

கலியாணம், கலியாணம் என்று நான் கை தட்டினேன். அம்மாவும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டுதான் இருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டார். அவர்களை ஒருமுறை வடிவாகப் பார்த்தார். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். இனிப்பு வைத்திருக்கிறார்கள் என்று நான் அடம்பிடித்தும் விடவில்லை.

பின்னேரம் சாப்பாட்டில் இருக்கும்போது அப்பாவுக்கு நான் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். இரண்டு கிழவிகளும் மாலை மாற்றிய கட்டம் வந்ததும் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அப்போது அம்மா சொன்னார்:

"சிரிக்காதேங்கோ. அதுகள் மாத்தின மாதிரி நாங்கள் மாத்தேல்லை."

அப்பா சிரிப்பை நிறுத்திக் கோப்பையைப் பார்த்தார். எனக்கு அம்மாவின் கவலை உடனே விளங்கிவிட்டது. அம்மா அப்பாவின் கலியாணப் படத்தில் இருப்பது சரிகைத்தாள் மாலை. பூமாலை கிடைக்காத குறையைத்தான் சொல்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை நானே இரண்டு பூமாலை கட்டித் தருகிறேன், நீங்கள் இரண்டு பேரும் திரும்ப மாற்றலாம் என்று சொன்னேன். அப்பா கை கழுவ எழும்பிப் போனார். அம்மா என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டு, ஓம் என்றார்.